பிக்கப் வண்டியில் ஏசி கண்டென்சர் மாற்றும் முறை: கேஸ் எடுப்பது முதல் கேஸ் நிரப்புவது வரை

பிக்கப் வண்டியின் கிரில் வழியாக உள்ளே பார்த்தால் ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய அலுமினியச் சட்டம் ஒன்று தெரியும். அதுதான் கண்டென்சர். கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் சூடான கேஸ் அதன் மேல் வாய் வழியாக உள்ளே வருகிறது. தட்டைக் குழாய்களில் ஓடும்போது சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டு, திரவமாக மாறிக் கீழ் வாய் வழியாக வெளியேறுகிறது. காற்று முதலில் படும் இடம் என்பதால் கல்லும் சேறும் உப்பும் முதலில் படுவதும் இதன்மேல்தான். மண் சாலையில் ஓடும் பிக்கப்களில் இது அடிக்கடி அடிவாங்குகிறது.

கழற்றி மாட்டுவது கடினமான வேலை இல்லை. கருவி பழகிய எவரும் அரை நாளில் முடித்துவிடலாம். புதிய கண்டென்சர் பல வருடம் உழைக்குமா, சில மாதத்தில் கம்ப்ரசரையும் சேர்த்துக் கெடுக்குமா என்பது வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது: உள்ளே ஈரமும் தூசியும் போகாமல் பார்த்துக்கொள்வது, எண்ணெயை அளந்து விடுவது, கேஸை எடைபோட்டு நிரப்புவது. புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

பழுது கண்டென்சரில்தானா?

ஏசி குளிரவில்லை என்றதும் கண்டென்சரை வாங்கிவிடாதீர்கள். முதலில் ஃபேனைப் பாருங்கள். வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் குளிர்ச்சி குறைந்தால் ஃபேன் சுற்றவில்லை, அல்லது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பஞ்சும் பூச்சியும் காய்ந்த இலையும் அடைத்திருக்கின்றன. எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூன்றையும் சோதியுங்கள். எஞ்சினோடு சுற்றும் ஃபேன் என்றால், சூடானதும் ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் விஸ்கஸ் கிளட்ச் பிடிக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு மட்டும் என்றால் பின்பக்கமிருந்து மெதுவான தண்ணீர் விட்டுக் கழுவினாலே சரியாகிவிடும். பிரஷர் வாஷரை மிக அருகில் பிடித்தால் குழாய்களுக்கு நடுவே இருக்கும் ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகள் எல்லாம் படுத்துவிடும்.

கசிவு என்றால் தடயம் இருக்கும். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தே கசியும். அதில் தூசி படிந்து, காய்ந்த ஃபின்களுக்கு நடுவே கறுத்த பிசுக்குத் திட்டாகத் தெரியும். பக்கவாட்டுத் தொட்டியில் குழாய்கள் சேரும் இடம், கீழ் மூலைகள், ஹோஸ் இணையும் கட்டை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். கசிவைக் காட்டும் சாயம் முன்பே கலந்த சிஸ்டம் என்றால் புற ஊதா டார்ச் அடித்தால் அந்த இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர் பயன்படுத்தினால் முனையைக் குழாயின் அடிப்பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள்; கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித்தான் தேங்கும்.

உள்ளே அடைப்பு இருந்தால் வெப்பத்தில் தெரியும். ஏசி ஓடும்போது கண்டென்சர் மேலிருந்து கீழாகப் படிப்படியாகச் சூடு குறைந்துகொண்டே வரவேண்டும். நடுவே ஓரிடத்தில் திடீரென்று குளிர்ந்துபோனால் அந்த வரிசைகளில் அடைப்பு.

கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து உலோகத் தூள் கக்கியிருந்தால், ஓட்டை இல்லாவிட்டாலும் கண்டென்சரை மாற்றியே ஆகவேண்டும். இப்போதைய கண்டென்சர்களில் குழாயின் உள்வழிகள் மிக நுணுக்கமானவை, ஒரே நேரத்தில் பல குழாய்களில் பக்கம்பக்கமாக ஓட்டம் போகும். அடைத்த குழாயை விட்டுவிட்டு, உள்ளே கழுவ விடும் ஃபிளஷ் திரவம் திறந்திருக்கும் குழாய் வழியாகப் போய்விடும். தூள் அங்கேயே கிடந்து, புதிய கம்ப்ரசரை மாட்டியதும் அதைத் தேய்க்கத் தொடங்கும்.

வேலை தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

கண்டென்சரை வண்டியின் மாடல், வருடம், எஞ்சின் மூன்றும் சொல்லி வாங்குங்கள். ஒரே பிக்கப்பில் டீசலுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று என்று இருப்பது சகஜம். டர்போ டீசலில் இன்டர்கூலரின் இடத்தைப் பொறுத்து பிராக்கெட்கள் மாறும். கூடவே கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வேண்டும். புதிய மாடல்கள் பலவற்றில் டிரையர் கண்டென்சரின் பக்கத்திலேயே உருளையாக ஒட்டியிருக்கும், ஈரம் உறிஞ்சும் பை அதற்குள் இருக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் பதில் ஆரிஃபிஸ் என்ற சிறுதுளைக் குழாய் வைத்த சிஸ்டத்தில் டிரையருக்குப் பதில் லோ சைடில் (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் குறைந்த அழுத்தப் பக்கம்) அக்யுமுலேட்டர் என்ற பெரிய டப்பா இருக்கும். எதுவானாலும் சிஸ்டம் திறந்துகிடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றின் ஈரத்தைக் குடித்துத் தீர்த்த டிரையர் அதற்குமேல் ஈரம் பிடிக்காது.

திறக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் புதிய ஓ-ரிங் தேவை. அது ஏசிக்கென்றே செய்த எச்என்பிஆர் ரப்பராக இருக்கவேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் கறுப்பு ரிங் அந்த எண்ணெயில் உப்பி நைந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் கம்ப்ரசரின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதுதான் சட்டம். பெரும்பாலான பெல்ட் கம்ப்ரசர்கள் பிஏஜி எண்ணெயில் ஓடும், அதிலும் 46, 100, 150 என்று தடிமன் வேறுபடும். ஹைப்ரிட் வண்டியில் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசருக்குப் பொதுவாக பிஓஇ வகை எண்ணெய். அங்கே பிஏஜி கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு போய்விடும். பிஏஜி டப்பாவைத் திறந்துவைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். ஆகவே சிறிய டப்பாவாக வாங்கி, ஊற்றும் நேரத்தில் மட்டும் திறந்து உடனே மூடுங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

கருவிகள் என்று பார்த்தால் கேஸ் மீட்பு இயந்திரம், இரு பக்க அழுத்தமும் காட்டும் மேனிஃபோல்ட் கேஜ், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப், கிராம் காட்டும் எடைத் தராசு, சிறிய அளவு டார்க் ரெஞ்ச், கிளிப் நெம்பும் கருவி, பிளாஸ்டிக் மூடிகள், கண்ணாடி, கையுறை. கண்ணாடியும் கையுறையும் பேச்சுக்குச் சொல்வது இல்லை. ஏசி கேஸ்களில் ஒன்றான ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள், கண்ணில் தெறித்தால் அந்த நொடியே உறையவைத்துவிடும்.

கேஸை வெளியே எடுப்பது

பானட்டுக்குள் அல்லது ரேடியேட்டர் சப்போர்ட்டின் மேல் இருக்கும் லேபிளைப் படியுங்கள். கேஸ் ஆர்-134ஏவா, ஆர்-1234ஒய்எஃப்பா, எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். இரண்டுக்கும் இணைப்பு வாய்கள் வேறு, இயந்திரம் வேறு. ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பற்றும், அதனால் அதற்கென்று தயாரித்த இயந்திரம்தான் வேண்டும். எந்தக் கேஸானாலும் சுடரோ சிவந்த உலோகமோ பக்கத்தில் இருக்கக்கூடாது. சூட்டில் சிதையும் கேஸ் நச்சான ஹைட்ரஜன் ஃப்ளோரைடாக மாறும்.

திறந்துவிட்டுக் காலி செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஆர்-134ஏ ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். பல நாடுகளில் வேண்டுமென்று திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். மீட்பு இயந்திரம் உங்களிடம் இல்லையென்றால் இந்த ஒரு கட்டத்தை ஏசி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். மீட்ட கேஸ் எத்தனை கிராம், அதோடு வந்த எண்ணெய் எத்தனை மில்லி என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களும் பின்னால் வேலைக்கு வரும்.

முன்பக்கத்தைப் பிரிப்பது

எஞ்சின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக் சிஸ்டத்தின் மின்தேக்கி வடிய சில நிமிடம் பொறுங்கள். முன்மோதல் சென்சார்கள் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. பிறகு ரேடியேட்டர் மேல் கவரின் பிளாஸ்டிக் கிளிப்கள், கிரில், தேவைப்பட்டால் பம்பர், ஹாரன், பானட் லாக் தாங்கும் நடுத்தூண் என்று மாடலைப் பொறுத்துக் கழற்ற வேண்டியிருக்கும். லாக் தாங்கியைக் கழற்றுமுன் அது உட்கார்ந்திருக்கும் இடத்தை மார்க்கரால் கோடிட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மாட்டியபின் பானட் சரியாக மூடாது. புல் பார், வின்ச் போட்ட வண்டியில் பாதி வேலை அவற்றைக் கழற்றுவதுதான்.

கிரில்லுக்குப் பின்னால் ரேடார் சென்சார் இருந்தால் அதன் பிராக்கெட் போல்ட்களைத் தொடாமல், முடிந்தவரை கட்டோடு நகர்த்திவையுங்கள். கோணம் கொஞ்சம் மாறினாலும் மறுபடி அளவொத்திசைவு (கேலிப்ரேஷன்) செய்ய வேண்டிவரும். கண்டென்சருக்கு முன்னால் கியர் ஆயில் கூலரோ பவர் ஸ்டீயரிங் கூலரோ தொங்கினால் அதன் ஹோஸைக் கழற்றாமலே பக்கவாட்டில் கட்டிவைக்க முடிகிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் கியர் ஆயில் கூலரும் கண்டென்சரும் ஒரே கட்டாக வரும். அப்போது ஆயில் வடியும், கீழே தட்டு வைத்து, அளந்து, முடிவில் அதே அளவு ஊற்றுங்கள்.

எல்லாம் பிரிந்ததும் கண்டென்சரைச் சுற்றி இருக்கும் நுரை ரப்பர் பட்டைகளையும் பிளாஸ்டிக் மறைப்புகளையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். குப்பை என்று நினைத்துப் பலர் தூக்கிப்போடுவது இவற்றைத்தான். காற்று கண்டென்சர் வழியாகவே போகவேண்டும், ஓரமாக நழுவக்கூடாது என்பதற்காக வைத்தவை அவை. அவை இல்லாத வண்டியில் நிற்கும்போது எஞ்சின் அறையின் சூட்டுக்காற்று முன்னால் திரும்பி வந்து மறுபடி கண்டென்சருக்குள் நுழையும். ஹை சைடு (கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் பக்கம்) அழுத்தம் ஏறும். கேஸ் அளவு சரி, கம்ப்ரசர் சரி, ஆனாலும் சிக்னலில் குளிரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இந்தப் பட்டைகள்தான்.

பழையதைக் கழற்றுவது

இரண்டு கேஜும் பூஜ்யம் காட்டுவதை உறுதி செய்த பிறகே ஹோஸ் கட்டையின் போல்ட்டைத் தொடுங்கள். அலுமினியக் கட்டையில் ஏறிய இரும்பு போல்ட் துருவேறி இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். நெருப்பு காட்டாதீர்கள். போல்ட் வந்ததும் கட்டையை நேராக வெளியே இழுக்கவேண்டும், ஆட்டி முறுக்கினால் பின்னால் இருக்கும் அலுமினியக் குழாய் மடங்கிவிடும். நட் வகை இணைப்பு என்றால் எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் நட்டோடு குழாயும் சேர்ந்து முறுகும்.

குழாய் வெளியே வந்த அந்த நிமிடமே இரண்டு வாயையும் மூடியால் அடையுங்கள். மூடி இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் உறையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடலாம். துணியை உள்ளே திணிக்காதீர்கள், அதன் நார், திரவத்தைச் சிறு துளை வழியாக அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் போய்ச் சிக்கும். பிறகு மேல் போல்ட்களைக் கழற்றி, கண்டென்சரை நேராக மேலே தூக்கி, கீழ் முளைகளை ரப்பர் புஷ்ஷிலிருந்து விடுவித்து வெளியே எடுங்கள். ரேடியேட்டர் ஃபின்னில் உரசாமலிருக்க நடுவே ஓர் அட்டையை நுழைத்துக்கொண்டால் நல்லது.

வெளியே வந்த கண்டென்சரைச் சாய்த்து, உள்ளிருக்கும் எண்ணெயை அளவுக் குவளையில் வடியுங்கள். நிறத்தைப் பாருங்கள். தெளிவாகவோ, சாயம் கலந்து பச்சையாகவோ இருந்தால் நிம்மதி. கறுத்து, விரலில் தேய்த்தால் மினுமினுக்கும் தூள் தெரிந்தால் கம்ப்ரசர் போய்க்கொண்டிருக்கிறது, கண்டென்சரை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

புதியதை மாட்டுவது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: வாய்களின் இடம், கட்டையின் கோணம், பிராக்கெட் துளைகள், தடிமன். பிராக்கெட்டை வளைத்துப் பொருத்தும் நிலை வந்தால் அது வேறு வண்டியின் பாகம். மூடிகளை இப்போது கழற்றவேண்டாம், ஹோஸ் மாட்டும் கடைசி நிமிடம் வரை இருக்கட்டும்.

எண்ணெய்க் கணக்கு இப்படி: கண்டென்சருக்குச் சேர்க்க வேண்டிய அளவு வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 40 மில்லிக்குள். டிரையருக்குத் தனி அளவு உண்டு. மீட்பு இயந்திரத்தில் வந்த எண்ணெயையும் சேர்த்துக் கூட்டுங்கள். பழைய கண்டென்சரிலிருந்து வடிந்தது சரிபார்க்க மட்டும் உதவும், ஏனென்றால் குழாய்ச் சுவர்களில் ஒட்டியது வடியாது. கூட்டிய அளவை மேல் வாய் வழியாக ஊற்றி உடனே மூடுங்கள். குறைந்தால் கம்ப்ரசர் காய்ந்து இறுகும். அதிகமானால் எண்ணெய் குழாய்ச் சுவர்களில் படலமாகப் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும், குளிர்ச்சி குறையும், ஹை சைடு அழுத்தம் ஏறும். சந்தேகத்துக்குக் கூடுதலாக ஊற்றுவது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு.

கீழ் ரப்பர் புஷ் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். பிக்கப்பின் அதிர்வில் கண்டென்சர் இரும்போடு நேராக இடித்தால் சீக்கிரமே விரிசல் விடும். முளைகள் புஷ்ஷில் முழுதாக இறங்கியபின் மேல் போல்ட்களை மாட்டுங்கள்.

அடுத்து இணைப்புகள். பள்ளத்தில் பழைய ஓ-ரிங்கின் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சில்லாத துணியால் துடைத்து, புதிய ஓ-ரிங்கைக் கம்ப்ரசர் எண்ணெயில் நனைத்து, முறுக்கில்லாமல் உட்காரவையுங்கள். உலோக வளையத்தில் ரப்பர் ஒட்டிய தட்டை வாஷர் வகை என்றால் எண்ணெய் தடவாமல் உலர்ந்தே போடவேண்டும். கட்டையைக் கையால் முழுதாக அழுத்தி, இடைவெளி இல்லாமல் ஒட்டிய பிறகே போல்ட்டை ஏற்றுங்கள். போல்ட்டின் பலத்தால் கட்டையை இழுத்து உட்காரவைக்க முயன்றால் ஓ-ரிங் நசுங்கி வெட்டுப்படும். இறுக்கம் மேனுவல்படி இருக்கட்டும். எம்6 போல்ட்களுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர். அலுமினிய மரை மென்மையானது, கை உணர்வை நம்பி இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் மரை கையோடு வந்துவிடும்.

டிரையரை எல்லாவற்றுக்கும் கடைசியில் திறந்து மாட்டுங்கள்.

கசிவுச் சோதனையும் வேக்கமும்

கிரில், பம்பர் எதையும் இன்னும் மாட்டவேண்டாம். ரெகுலேட்டர் வைத்த சிலிண்டரிலிருந்து உலர் நைட்ரஜனை 100 முதல் 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால் சரி. டயருக்கு அடிக்கும் காற்று வேண்டாம், அதில் ஈரம் உண்டு. ஆக்சிஜன் பக்கமே போகக்கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு வேக்கம் பம்பை இணையுங்கள். வேக்கம் காற்றை மட்டும் எடுக்கவில்லை, உள்ளிருக்கும் ஈரத்தையும் கொதிக்கவைத்து ஆவியாக எடுக்கிறது. 25 டிகிரி அறையில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் சுமார் 24 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கவேண்டும், அதாவது ஏறக்குறைய முழு வெற்றிடம். அந்த ஆழத்தில் நேரம் கொடுத்தால்தான் ஈரம் வெளியே வரும். முள் கீழே போய்விட்டது என்று பத்து நிமிடத்தில் நிறுத்துபவர்கள் ஈரத்தை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். 45 நிமிடம் ஓட்டுங்கள். பின் சீட்டுக்கும் தனி ஏசி இருந்தாலோ சிஸ்டம் பல நாள் திறந்துகிடந்திருந்தாலோ இன்னும் கூடுதலாக. வேக்கத்தை நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜ் இருந்தால் 500 மைக்ரானுக்குக் கீழே இறக்குங்கள். மலைப்பகுதியில் சாதாரண கேஜ் 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் பாதரசம் குறைவாகவே காட்டும், அது பம்பின் குறை இல்லை.

பிறகு வால்வை மூடி, பம்பை நிறுத்தி, 20 நிமிடம் பாருங்கள். வேக்கம் நிற்காமல் குறைந்துகொண்டே போனால் கசிவு. கொஞ்சம் குறைந்து ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, பம்பை மறுபடி ஓட்டுங்கள்.

கேஸ் நிரப்புவது

அளவு லேபிளில் இருப்பதுதான், தராசில் எடைபோட்டு. அழுத்தத்தைப் பார்த்து நிரப்புவது பலிக்காது. காரணம் எளிது: 30 டிகிரியில் நிற்கும் வண்டியில் ஆர்-134ஏ திரவம் ஒரு துளி மிச்சமிருந்தாலும் கேஜ் 95 பிஎஸ்ஐ போலத்தான் காட்டும், முழு அளவு இருந்தாலும் அதேதான் காட்டும்.

ஹோஸ்களில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, எஞ்சின் ஓடாதபோது ஹை சைடு வழியாகத் திரவமாக விடுங்கள். ஓட்டம் நின்றதும் ஹை சைடு வால்வை மூடுங்கள். அது மூடியிருப்பதை இருமுறை பார்த்தபின், கம்ப்ரசரின் முன்பக்க ஹப்பைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். உள்ளே தேங்கிய திரவமும் எண்ணெயும் நகர்ந்துவிடும். பிறகு எஞ்சினை ஓட்டி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, மிச்சத்தை லோ சைடு வழியாக, டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, ஆவியாக மட்டும் விடுங்கள். டப்பாவைக் கவிழ்த்தால் திரவம் போகும், திரவத்தை அழுத்த முடியாத கம்ப்ரசரின் வால்வு உடையும். எஞ்சின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறந்தால் அந்த அழுத்தம் டப்பாவுக்குள் திரும்பிப் பாய்ந்து டப்பா வெடிக்கும். ஆர்-134ஏ வண்டியில் ஹை சைடு வாய் 16 மில்லிமீட்டர், லோ சைடு 13 மில்லிமீட்டர் என்பதால் கப்ளர் மாறாது; மாறுவது கேஜின் வால்வுக் கைப்பிடிதான்.

கேஜ் சொல்வதைப் படிப்பது

30 டிகிரி வெயிலில், எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது லோ சைடு 30 முதல் 45, ஹை சைடு 180 முதல் 235 பிஎஸ்ஐ இருந்தால் பெரும்பாலும் நல்ல நிலை. இரண்டும் குறைவு என்றால் கேஸ் போதவில்லை. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடுதல், அல்லது கண்டென்சருக்குக் காற்று போதவில்லை: ஃபேனையும் அந்த நுரைப் பட்டைகளையும் மறுபடி பாருங்கள், முன்னால் தண்ணீர் தெளித்ததும் ஹை சைடு சட்டென்று இறங்கினால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைதான். ஹை சைடு அதிகமாகி முள்ளும் துடித்தால் உள்ளே காற்று இருக்கிறது, கேஸை மீட்டு, வேக்கத்திலிருந்து திரும்பத் தொடங்குவதே வழி. முதலில் நன்றாகக் குளிர்ந்து, கொஞ்ச நேரத்தில் லோ சைடு வேக்கத்துக்கு இறங்கிக் குளிர்ச்சி நின்று, ஏசியை அணைத்துவைத்தால் மறுபடி குளிர்ந்தால், ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கிறது. டிரையரை மாற்றி வேக்கத்தை நீண்ட நேரம் போடாமல் அது தீராது.

எண்கள் சரியாக வந்த பிறகு சர்வீஸ் வாய்களின் மூடிகளைக் கண்டிப்பாகப் போடுங்கள், உள்ளிருக்கும் சிறு வால்வு ஊசிமுனையளவு கசிந்தாலும் தடுப்பது அந்த மூடியின் ரப்பர்தான். பட்டைகளைப் படத்தோடு ஒப்பிட்டு மாட்டி, கிரில்லையும் பம்பரையும் பொருத்துங்கள். சில வாரம் ஓடியபின் ஒருநாள் இரவில் புற ஊதா டார்ச்சோடு அந்த இரண்டு ஹோஸ் கட்டைகளையும் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.